கூலிக்காரன் சாப்பாட்டுக்கு வரி! கோடீஸ்வரனுக்குச் சலுகை!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் வெள்ளாமை. பெருகாவிட்டால் கருவேலங்காட்டில் விறகு வெட்டு, கரிமூட்டம். அதுவும் இல்லாவிட்டால் வெளியூர்ப் பிழைப்பு. கரிசல்காட்டில் பருத்தியும் சோளமும் மிளகாயும் போடும் சம்சாரி மழையைப் பார்த்துக் காத்திருக்கிறார். அருப்புக்கோட்டைத் தறித் தொழிலாளி நூல் விலையைப் பார்த்துக் காத்திருக்கிறார். இது பின்தங்கிய சீமை என்று நாம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. மத்திய சர்க்காரே 2018-ம் ஆண்டில் "முன்னேற விழையும் மாவட்டங்கள்" என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் விருதுநகரையும் அண்டையிலுள்ள ராமநாதபுரத்தையும் சேர்த்தது.

இந்தச் சீமையில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யார்? உல்லாசத்துக்காகச் சாப்பிடுகிறவரா? இல்லை. நரிக்குடியிலிருந்தும் பந்தல்குடியிலிருந்தும் பஸ் ஏறி அருப்புக்கோட்டை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், தாலுகா ஆபீசில் ஒரு காகிதத்துக்காகக் காத்து நிற்பவர், மிளகாய் மூட்டையைக் கமிஷன் கடையில் இறக்கிவிட்டுப் பணத்துக்காக உட்கார்ந்திருப்பவர், மூட்டை தூக்குபவர், லாரி ஓட்டுபவர், இரவு ஷிப்டு முடித்து வரும் தறித் தொழிலாளி. வீட்டு அடுப்பு எட்டாத தூரத்தில், பசியை அடக்க ஒரு வேளைச் சாப்பாடு தேடி வந்தவர்கள் இவர்கள்.

இவர்களுடைய இலையின் மேல் வரி விழுவது நியாயமா? விழுகிறது என்றால், சட்டத்தின் எந்தச் சந்து வழியாக வந்து விழுகிறது? இதைத்தான் நாம் இன்று ஆராய வேண்டும். "ஐந்து சதவிகிதம்தானே, அற்ப சொற்பம்" என்று தள்ளிவிட இது சிறிய விஷயமல்ல.

வரி வந்த கதை

நம் நாட்டில் பொது விற்பனை வரி என்பதை முதன்முதலில் கொண்டுவந்த பெருமை சென்னை மாகாணத்துக்கே உரியது. 1937-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார் ராஜாஜி. கள், சாராய வருமானம் குறைந்தது. அந்தக் குழியை நிரப்ப 1939-ம் ஆண்டில் விற்பனை வரிச் சட்டம் வந்தது. குடிப்பவன் குடியை விட்டான் என்பதற்காக, உப்பும் புளியும் வாங்குகிறவன் வரி கட்டவேண்டும் என்றார்கள். சரி, ஒரு நல்ல காரியத்துக்காக என்று ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். இன்று நிலைமை என்ன? 2003-ம் ஆண்டிலிருந்து சர்க்காரே டாஸ்மாக் கடை திறந்து மது விற்கிறது. மது வருமானமும் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த விற்பனை வரியும் போகவில்லை. இரண்டு பக்கமும் வசூல்!

ஓட்டல் சாப்பாட்டுக்கு இந்த வரி பொருந்துமா என்பது நெடுநாள் வழக்கு. டில்லியில் ஓட்டல் நடத்திய ஒரு கம்பெனி தொடுத்த வழக்கில், 1978-ம் ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. நார்தர்ன் இந்தியா கேட்டரர்ஸ் வழக்கு என்று பெயர். ஓட்டலில் உணவு பரிமாறுவது சரக்கு விற்பனை அல்ல. பசி தீர்க்கும் ஓர் உபசரணை. ஆகவே விற்பனை வரி போட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ராஜ்ய சர்க்கார்கள் பதறின. பார்லிமெண்டு அரசியல் சட்டத்தையே திருத்தியது. 1982-ம் ஆண்டின் 46-வது திருத்தம், உணவு பரிமாறுவதையும் "விற்பனையாகக் கருதப்படும்" என்று ஆக்கிற்று. 1983 பிப்ரவரி முதல் அது அமுலுக்கு வந்தது. பரிமாறுகிற சேவையைக் கழித்துவிட்டு உணவின் விலைக்கு மட்டும் வரி போடுங்கள் என்று தமிழ்நாட்டு ஓட்டல்காரர்கள் தாமோதரசாமி நாயுடு வழக்கில் வாதாடிப் பார்த்தார்கள். 1999-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சட்ட பெஞ்சு அதை ஏற்கவில்லை. இலைக்குக் கொடுக்கும் முழுத் தொகைக்கும் வரி என்று தீர்ந்தது.

அதோடு நின்றதா? சாப்பாடு முழுவதும் விற்பனை என்று ராஜ்ய சர்க்கார் வரி வாங்கிக்கொண்டிருக்கும்போதே, அதில் சேவையும் இருக்கிறது என்று 2011-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் தன் கையையும் நீட்டியது. முதலில் மதுவும் குளிர்சாதனமும் உள்ள ஓட்டல்கள். 2013 ஏப்ரல் முதல் குளிர்சாதனம் உள்ள எல்லா ஓட்டல்களும். ஒரே இட்டிலி ராஜ்யத்துக்குச் சரக்கு, மத்திக்குச் சேவை!

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. சாதாரண ஓட்டலுக்கு 12 சதவிகிதம், குளிர்சாதன ஓட்டலுக்கு 18 சதவிகிதம் என்று போட்டார்கள். அது வருவதற்கு முன்பே, மே 30-ந் தேதி தமிழ்நாட்டு ஓட்டல்கள் கதவடைத்துக் கண்டனம் தெரிவித்தன. ஜனங்களும் ரசீதைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். எதிர்ப்பின் விளைவாக, நவம்பரில் கவுகாத்தியில் கூடிய கவுன்சில் இறங்கி வந்தது. 2017 நவம்பர் 15 முதல் எல்லாச் சாதாரண ஓட்டல்களுக்கும் 5 சதவிகிதம் என்று குறைத்தார்கள். கூச்சல் போட்டால் வரி குறையும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஐந்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பது

ஆனால் இந்த 5 சதவிகிதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மற்றத் தொழில்களில், வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். 5 சதவிகித ஓட்டலுக்கு அந்த உரிமை கிடையாது. ஓட்டல்காரர்கள் அந்தச் சலுகையை ஜனங்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்று காரணம் சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தண்டனை யாருக்கு வந்தது?

கடைக்காரர் வாங்கும் வியாபார காஸ் சிலிண்டருக்கு 18 சதவிகித வரி. வீட்டு சிலிண்டருக்கு 5. சாப்பாட்டுக் கடை சிலிண்டருக்கு 18! எண்ணெய்க்கு 5. அடுப்பும் பெஞ்சும் வாங்கினால் அதற்கும் வரி. இவை எதையும் கழிக்க முடியாது. அத்தனையும் சாப்பாட்டு விலையில் போய் ஒளிந்துகொள்கின்றன. அந்த விலையின் மேல்தான் மறுபடியும் 5 சதவிகிதம். ரசீதில் தெரிவது கொம்பு, தெரியாதது மாடு.

அரிசியின் கதையும் இதுதான். 2022 ஜூலை 18 முதல், பை கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவிகித வரி. அதற்கு மேல் எடை இருந்தால் வரி இல்லை. உடனே சந்தைக்கு 26 கிலோ மூட்டை வந்தது! மொத்தமாக வாங்க வசதியுள்ளவருக்கு வரி இல்லை. ஐந்து கிலோ பை வாங்கும் கூலிக்காரருக்கு வரி உண்டு. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் அன்றாடங்காய்ச்சியின் வீட்டை எட்டிப் பார்த்ததில்லை என்பது இதிலேயே விளங்கவில்லையா?

"வருஷ வியாபாரம் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் வரியே இல்லையே" என்று அதிகாரிகள் சொல்லுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லட்சம் என்பது லாபமல்ல, மொத்த விற்பனை. நாள் ஒன்றுக்கு 5,500 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 70 ரூபாய் சாப்பாடு 80 பேருக்குப் போட்டால் 5,600 ரூபாய். அதாவது, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு குடும்பம் விடியுமுன் எழுந்து நடத்தும் மெஸ், 80 இலை போட்டாலே வரி வளையத்துக்குள் வந்துவிடுகிறது. சரக்கு மட்டும் விற்கும் வியாபாரிக்கு 2019 ஏப்ரல் முதல் 40 லட்சம் வரை விலக்கு. சோறு போடுகிறவருக்கு 20 லட்சம்தான். இது என்ன தர்மம்?

ஒன்றரைக் கோடி வரை வியாபாரம் உள்ள கடை, தொகுப்பு வரித் திட்டத்தில் சேரலாம். அப்போதும் 5 சதவிகிதம் உண்டு. ஆனால் அதைச் சாப்பிடுகிறவரிடம் தனியாகக் கேட்கக்கூடாது. 5,600 ரூபாய் விற்ற நாளில் 280 ரூபாயைக் கடைக்காரர் தம் கையிலிருந்து எடுத்து வைக்கவேண்டும். விலையை ஏற்றினால் கூலிக்காரர் வரமாட்டார். ஏற்றாவிட்டால் பரிமாறுபவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. சிறு கடைக்காரரையும் கடைத் தொழிலாளியையும் சாப்பிட வருபவரையும் ஒருவர் மேல் ஒருவர் மோதவிடுகிற வேலையைத்தான் இந்த வரி செய்கிறது.

பரோட்டா சொல்லும் பாடம்

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா நாடறிந்தது. அந்தப் பரோட்டாவை வைத்தே இந்த வரியின் லட்சணத்தைச் சொல்லிவிடலாம்.

2020-ம் ஆண்டில், பாக்கெட்டில் அடைத்த பரோட்டா ரொட்டி வகையல்ல, அதற்கு 18 சதவிகிதம் என்று கர்நாடகத்தில் வரித்துறை ஆணையம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. சப்பாத்திக்கு 5, பரோட்டாவுக்கு 18 என்று நாடே சிரித்தது. 2025 செப்டம்பர் 3-ந் தேதி கூடிய கவுன்சில் அதைத் திருத்தி, சப்பாத்தி, பரோட்டா எல்லாவற்றுக்கும் வரியே இல்லை என்றது. செப்டம்பர் 22 முதல் அமுல். நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! வரி இல்லாதது எந்தப் பரோட்டா? பெரிய தொழிற்சாலையில் இயந்திரம் தட்டி, உறைய வைத்து, பாக்கெட்டில் வரும் பரோட்டா. வேர்வை சிந்தி மாஸ்டர் வீசி, கல்லில் போட்டுச் சுடச்சுடத் தட்டில் வைக்கும் பரோட்டா, பதிவு பெற்ற கடையானால் "ஓட்டல் சேவை". அதற்கு 5 சதவிகிதம் அப்படியே நிற்கிறது. பார்சல் வாங்கினாலும் அதே வரி. வீட்டில் குளிர்பெட்டி வைத்து பாக்கெட் வாங்கிச் சேமிக்கிறவருக்கு விலக்கு. அன்றன்று பசிக்கு இரண்டு பரோட்டா தின்பவருக்கு வரி. மாவு ஒன்று, எண்ணெய் ஒன்று; வரி மட்டும் ஆளைப் பார்த்து மாறுகிறது.

செல்போன் வழியாக வந்த வரி

இப்போது சாப்பாடு செல்போன் வழியாகவும் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஸ்விக்கி, ஜொமாட்டோ போன்ற கம்பெனிகள் பெருநகரங்களில் தொடங்கிச் சிறு பட்டணங்கள் வரை வலை வீசுகின்றன. இந்த வியாபாரத்தில் வரி எப்படி நுழைந்தது என்பதைச் சிறு கடைக்காரர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

2021 செப்டம்பர் 17-ந் தேதி லக்னோவில் கூடிய கவுன்சில் ஒரு முடிவு செய்தது. 2022 ஜனவரி 1 முதல், செயலி வழியாக விற்கும் சாப்பாட்டுக்குக் கம்பெனியே விற்பனையாளர் மாதிரி 5 சதவிகித வரியை வசூலித்துக் கட்டவேண்டும். "சில ஓட்டல்கள் ஜனங்களிடம் வாங்கிய வரியைக் கட்டாமல் ஏப்பம் விடுகின்றன, அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு, புது வரி அல்ல" என்று சமாதானம் சொன்னார்கள். ஏய்ப்பவனைப் பிடிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் பதிவே தேவையில்லாத, 20 லட்சத்துக்குக் கீழே உள்ள கடையின் சாப்பாடும் இதில் சிக்கிக்கொண்டதே! நேரில் போய் வாங்கினால் வரி இல்லாத அதே இட்டிலிக்கு, செயலியில் வாங்கினால் வரி. சட்டம் ஒரு கையால் கொடுத்த விலக்கை மறு கையால் பறித்துக்கொண்டது. அந்தக் கடைக்கு இது புது வரி அல்லாமல் வேறு என்ன?

இதோடு, கடைக்காரரிடம் கம்பெனி பிடிக்கும் தரகுக்கு 18 சதவிகித வரி. அதையும் கடைக்காரர் கழித்துக்கொள்ள முடியாது.

அடுத்தது டெலிவரிக் கட்டணம். "இது எங்கள் வருமானமல்ல, கொண்டுபோய்க் கொடுப்பவருக்காக நாங்கள் வாங்கிக் கொடுக்கிறோம், ஆகவே எங்களுக்கு வரி இல்லை" என்று 2023-ம் ஆண்டில் வரித்துறைக்குப் பதில் சொன்னது ஜொமாட்டோ. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வாதத்துக்கு இடமில்லை. கட்டணத்தின் மேல் 18 சதவிகித வரியைக் கம்பெனியே கட்டவேண்டும். 100 ரூபாய்ச் சாப்பாடு, 30 ரூபாய் டெலிவரி என்றால், சாப்பாட்டுக்கு 5 ரூபாய், டெலிவரிக்கு 5 ரூபாய் 40 காசு. ஆக 10 ரூபாய் 40 காசு வரி. சோற்றைவிடச் சோற்றைச் சுமப்பதற்கு வரி அதிகம்!

சுமக்கிற தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டும் அவரைத் "தொழிலாளி" என்று ஒப்புக்கொள்ளக் கம்பெனி தயாராயில்லை, "பங்காளி" என்கிறது. லாபத்தில் பங்கில்லாத பங்காளி! வண்டி அவருடையது, பெட்ரோலும் அதன் வரியும் அவர் தலையில். வரியை ஜனங்கள் தலையில் ஏற்றுவது, இல்லாவிட்டால் தொழிலாளியின் கூலியில் கைவைப்பது என்ற இரண்டு வழிகள் கம்பெனிக்குத் திறந்தே கிடக்கின்றன. இரண்டையும் அடைக்க சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை.

"பணம் எங்கே இருக்கிறது?"

"வரி இல்லாமல் சர்க்கார் எப்படி நடக்கும்? ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் எப்படி நடக்கும்?" என்று கேட்கிறார்கள். வரியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யாரிடம் வாங்குவது என்பதுதான் கேள்வி.

1957-ம் ஆண்டில் செல்வ வரி வந்தது. 2015-ம் ஆண்டு பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டார்கள். கோடீஸ்வரர் விட்டுப்போகும் சொத்துக்கு இருந்த எஸ்டேட் வரி 1985-ம் ஆண்டிலேயே போயிற்று. ஆடம்பர ஓட்டல்களில் தங்கிச் செலவழிப்பவர்களுக்கென்று 1987-ம் ஆண்டில் ஒரு செலவு வரிச் சட்டம் இருந்தது, அதுவும் போயிற்று. 2019 செப்டம்பர் 20-ந் தேதி கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தார்கள். மேலே இருப்பவனுக்கு ஒரே கையெழுத்தில் சலுகை. கீழே இருப்பவன் இட்டிலிக்கு ஏன் வரி என்று கேட்டால், "கஜானா காலி" என்ற பதில்!

2019-ம் ஆண்டு பட்ஜெட் உரையில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன், பாண்டிய மன்னனுக்குப் பிசிராந்தையார் சொன்ன புறநானூற்று அறிவுரையை எடுத்துச் சொன்னார். யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் பல நாளுக்கு உதவும். யானையே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம் என்பது அதன் கருத்து. பாட்டு பாண்டிய நாட்டுப் பாட்டு. அந்தச் சீமையின் கரிசல்காட்டில்தான் இன்று யானை இறங்கி நிற்கிறது.

தீர்மானிப்பது யார்?

விற்பனை வரி ஒரு காலத்தில் ராஜ்யத்தின் உரிமை. சாதாரண ஓட்டலுக்கு ஒரு விகிதம், நட்சத்திர ஓட்டலுக்கு வேறு விகிதம் என்று சட்டசபையே வகுத்துக்கொள்ள முடிந்தது. இன்று ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய சர்க்காருக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. மீதி மூன்றில் இரண்டு பங்கை எல்லா மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு தேவை. ஆகவே எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் மத்திய சர்க்கார் சம்மதிக்காமல் ஒரு தோசைக்குக்கூட வரி விலக்கு வாங்க முடியாது. 2025 செப்டம்பர் கூட்டம் நடந்தபோது தமிழ்நாட்டின் நிதி மந்திரியாக இருந்த தங்கம் தென்னரசு, திருச்சுழித் தொகுதி ஜனங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர். திருச்சுழியிலிருந்து நிதி மந்திரி வந்தும், திருச்சுழி டீக்கடை வடைக்கு விலக்குத் தரும் அதிகாரம் அவர் கையில் இல்லை! அதே சமயம், 5 சதவிகிதத்தில் பாதி, இரண்டரை சதவிகிதம், மாநிலக் கஜானாவுக்குத்தான் வருகிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது. பாதியை வாங்கிக்கொள்கிறவர்கள் கவுன்சிலில் வாய் திறந்து பேசக் கடமைப்பட்டவர்கள்.

கேட்பவருக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்பதையும் பார்த்தோம். 2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில் நடந்த கூட்டத்தில், பன்னுக்கு வரியில்லை, அதில் கிரீம் வைத்தால் 18 சதவிகிதமா என்று அன்னபூர்ணா ஓட்டல் சீனிவாசன் நிதி மந்திரியிடம் நகைச்சுவையாகக் கேட்டார். மறுநாள் அவர் மந்திரியிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி நாடெங்கும் பரவியது. அது வெளியானதற்காக பா.ஜ.க.வின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. பெரிய ஓட்டல்காரர் ஒருவருக்கே இந்தக் கதி என்றால், பஸ் ஸ்டாண்டு மெஸ்காரர் தனியாக நின்று என்ன கேட்டுவிட முடியும்? தனியாக அல்ல, சேர்ந்துதான் கேட்கவேண்டும்.

நமது கோரிக்கைகள்

ஒன்று: குளிர்சாதனம் இல்லாத கடைகளில் 100 ரூபாய்க்கு உட்பட்ட ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும், இட்டிலி, தோசை, பரோட்டா, டீ, வடைக்கும் வரி கூடாது. பாக்கெட் பரோட்டாவுக்குத் தந்த விலக்கைத் தட்டுப் பரோட்டாவுக்கும் தா!

இரண்டு: சாப்பாட்டுக் கடைகளுக்கான விலக்கு வரம்பை 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்த்த வேண்டும்.

மூன்று: பதிவு தேவையில்லாத சிறு கடையின் உணவு செயலி வழியாக விற்றாலும் வரி விதிக்கக்கூடாது.

நான்கு: சிறு ஓட்டல்களின் காஸ் சிலிண்டருக்கு வீட்டு சிலிண்டரைப் போல 5 சதவிகிதமே விதிக்க வேண்டும்.

ஐந்து: டெலிவரிக் கட்டண வரியைத் தொழிலாளியின் கூலியில் பிடிப்பதைச் சட்டம் தடை செய்ய வேண்டும். அவரைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறு: இதனால் குறையும் வருமானத்தைப் பெருஞ்செல்வர்களின் சொத்து வரியாலும், பெருங்கம்பெனிகளின் வரியாலும் ஈடு செய்ய வேண்டும்.

இவை கிடைக்கும் வரை ஜனங்களும் விழிப்பாக இருக்கவேண்டும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. எண் இல்லாத கடை வரி என்று தனியாகக் கேட்க முடியாது; தொகுப்பு வரிக் கடையும் கேட்கக்கூடாது. "சேவைக் கட்டணம்" என்று சேர்த்திருந்தால் அது சர்க்கார் வரியல்ல. அதைக் கட்டாயமாக வசூலிக்கக்கூடாது என்ற 2022-ம் ஆண்டு உத்தரவு சரியே என்று 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட் கூறியிருக்கிறது.

சிறு கடைக்காரரும், அங்கே பரிமாறும் தொழிலாளியும், உணவைச் சுமந்து செல்லும் தொழிலாளியும், பசித்து வந்து உட்காரும் கூலிக்காரரும் ஒருவருக்கொருவர் விரோதிகளல்லர். நால்வரும் ஒரே வரியின் கீழ் நசுங்குகிறவர்கள். 2017-ல் 12 சதவிகிதத்தை ஐந்தாக இறக்கியது ஜனங்களின் கூட்டுக் குரல். அந்தக் குரல் அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் மீண்டும் எழவேண்டும். ஐந்தைப் பூஜ்யமாக்கவும் அதனால் முடியும்!